எஸ் தட்டுப்பாடு

என் தம்பியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுன்னு யாராவது கேட்டா, ரெண்டோட நிறுத்த என்னால முடியாது. வார்த்தையாலயே என் உயிரை வாங்கினவன் அவன். அதுவும் இங்கிலீஷ் வார்த்தை. பள்ளிக்கூடத்துல அந்த ஒரு பாடத்துல மட்டும் வருஷா வருஷம் கோட்டை விட்டவனுக்கு, இன்னிக்கு மார்க்கெட் பூரா டிக்‌ஷனரின்னு பேரு. இதை எங்க போய்ச் சொல்லி அழறது?

அவன் தொழில் கடைகளுக்கு போர்டு மாட்டுறது. பெயிண்ட்ல எழுதுறது இல்லை, தகடு எழுத்து. ஸ்டீல் தகட்டுல ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தா வெட்டி, ஓரத்தை அரத்தால ராவி, பலகையில ஸ்க்ரூ போட்டு முடுக்கணும். வீட்டுக்குக் கீழ்த்தளம்தான் அவன் பட்டறை. மாடியில ஒரு பக்கம் அவனும் அவன் பொண்டாட்டியும், இன்னொரு பக்கம் நானும் என் தையல் மிஷினும். நான் வெளிய போகணும்னா பட்டறை வழியாத்தான் போகணும். போற வழியில ஏதாவது ஒரு எழுத்து காலை இடறும். கே இருக்கு பாருங்க, அதை மாதிரி ஒரு கொலைகார எழுத்து கிடையாது. நாலு பக்கமும் கூர். என் கட்டைவிரல் நகம் ரெண்டு தடவை போனது அதாலதான்.

முன்னெல்லாம் அவன் இப்படி இல்லை. கேட்ட எழுத்தை, கேட்ட அளவுல, கேட்ட நாள்ல வெட்டிக் கொடுப்பான். என்ன கிரகமோ, மூணு நாலு வருஷமா ஒரு புதுப் பைத்தியம் பிடிச்சுது. எங்கயாவது கடை மூடினா கட்டடச் சொந்தக்காரர் இவனைக் கூப்பிட்டு, பழைய போர்டை இறக்கிக்கோன்னு சொல்வார். இவனும் ஏணியோட போய் எழுத்தையெல்லாம் கழட்டி, சாக்குல கட்டிக்கிட்டு வந்து பட்டறைத் தரையில பரப்புவான். அதுக்கப்புறம் ஆரம்பிக்கும் கூத்து. தரையில கிடக்குற எழுத்தை வச்சு என்னென்ன வார்த்தை வரும்னு குனிஞ்சு குனிஞ்சு தேடுவான். அட்டை கிழிஞ்ச ஒரு டிக்‌ஷனரி வேற. அடுத்து எவன் போர்டு கேட்டு வந்தாலும், தேடி வச்ச வார்த்தையில ஒண்ணை அவன் தலையில கட்டிடுவான்.

"புதுசா எதுக்கு வெட்டணும்? இருக்கிற எழுத்துக்குள்ள இல்லாத பேரா?" இதான் அவன் பேச்சு. பேச்சுல அவனை அடிச்சுக்க ஆளே கிடையாது.

மிக்ஸி ரிப்பேர்க்காரர் பாவம், தன் பொண்ணு பேர்ல போர்டு வேணும்னு வந்தார். போகும்போது மெர்மெய்ட்னு வாங்கிட்டுப் போனார். "மெர்மெய்ட்னா பாதி பொண்ணு, பாதி மீன். உங்க மிக்ஸியும் பாதி மோட்டார், பாதி ஜார். இதைவிடப் பொருத்தமா ஒரு பேர் கிடைக்குமா அண்ணே?" அந்த மனுஷனும் தலையை ஆட்டிட்டுப் போனார். அவர் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் என் தம்பி முகத்துல முழிக்கிறதில்லை. சாவி போடுறவர் கடைக்குப் பேர் பனானா. ஏன்னு கேக்காதீங்க. அந்த மாசம் தரையில ஏ, என் ரெண்டு எழுத்தும்தான் குமிஞ்சு கிடந்துச்சு.

வீட்டுலயும் நிம்மதி கிடையாது. சாப்பிட உட்கார்ந்தா, "டி, ஆர், ஓ மூணும் வர்ற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க" அப்படிம்பான். அவன் பொண்டாட்டி பொறுமைசாலி. ஒரு தடவை யோசிச்சு, "டோர்" அப்படின்னா. "அதுக்கு ரெண்டு ஓ வேணுமேம்மா, என்கிட்ட ஒண்ணுதானே இருக்கு" அப்படின்னு அதையும் தள்ளிட்டான். இதுக்கு நடுவுல டீ கொடுத்தா, டம்ளர்ல பாதிதான் ஊத்தணும். முழுசா ஊத்தினா தொடமாட்டான். பெரிய ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை, அளந்துதான் குடிப்பார்னு நான் நொடிச்சுக்குவேன்.

சரி, அவன் ஊரை என்னவோ பண்ணட்டும்னு இருந்தேன். என் தலையிலயே கை வைப்பான்னு நினைக்கலை.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிடறேன். சின்ன வயசுலேருந்து சட்டை தைக்கிற ஃபேக்டரியில வேலை. காலர்ல லேபிள் வச்சுத் தைக்கிறது என் பொறுப்பு. யாரோ ஒருத்தர் பேரை ஊர்ப்பட்ட கழுத்துல தைச்சு அனுப்பியிருக்கேன். என் பேரை அங்க ஒருத்தரும் சொன்னது கிடையாது. குள்ளமா, உருண்டையா இருப்பேன்னு, மிஷின்ல நூல் சுத்துற பாபின் பேரையே வச்சுக் கூப்பிடுவாங்க. சூப்பர்வைசர் கூட அப்படித்தான். ஃபேக்டரி மூடினதும் வீட்டுலயே தைக்க ஆரம்பிச்சேன். துணி வெட்டுறதும் நான், தைக்கிறதும் நான். இப்பத்தான் மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கிற சந்துல, ஒரு ஷட்டர் போட்ட கடையைப் பிடிச்சேன். சின்னக் கடைதான். ரெண்டு மிஷின் போட்டா மூணாவது ஆள் பக்கவாட்டுலதான் நுழையணும்.

அந்தக் கடைக்கு உயிர் கொடுக்கப் போறதே ஆஸ்பத்திரி ஆர்டர்தான். நர்ஸுகளுக்கு யூனிஃபார்ம். மேட்ரன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவங்க கறாரான மனுஷி.

"வீட்டுல தைக்கிறவங்ககிட்ட கொடுத்து நாங்க பட்டது போதும். ஒருத்தி துணியை வாங்கிக்கிட்டு வீடு மாறிப் போயிட்டா. யாரைத் தேடுறது, எங்க தேடுறது? கடை இருக்கணும், கடையில பேர் போட்ட போர்டு இருக்கணும். வியாழக்கிழமை நேர்ல வந்து பார்க்குறேன், அப்புறம் பேசலாம்."

இந்த ஆர்டர் கிடைச்சா எனக்கு மட்டும் இல்லை, ஃபேக்டரியில என்னோட இருந்த ரெண்டு பேருக்கும் வேலை. ரெண்டு பேரும் இப்ப வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்காங்க. அதனால ஓடி வந்து தம்பிகிட்டச் சொன்னேன். "என் பேரை வச்சு ஒரு போர்டு பண்ணிக் கொடுடா. முழுப் பேர். வியாழக்கிழமைக்குள்ள."

அவன் தரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி தரையைப் பார்த்தான்.

"உன் பேர்ல எஸ் வருதே அக்கா."

"வந்தா என்ன?"

"எஸ் இல்லையே. இருக்கிறதிலேயே எஸ்தான் தட்டுப்பாடு. ஸ்டோர்ஸ், ஸ்வீட்ஸ், சில்க்ஸ், சர்வீஸ்னு எல்லாக் கடைக்காரனுக்கும் எஸ் வேணும். வந்ததும் போயிடுது."

"அப்ப ஒண்ணு வெட்டு."

"பார்க்கலாம்" அப்படின்னான். அவன் பார்க்கலாம்னு சொன்னா கிணத்துல போட்ட கல்லுதான்.

ரெண்டு நாள் போச்சு. பட்டறைப் பக்கம் கத்திரிச் சத்தமே இல்லை. மூணாவது நாள் காலையில படியில தடதடன்னு ஏறி வந்தான். முகம் பூரா சிரிப்பு.

"அக்கா, ஓரியண்டலுக்குள்ள டெய்லர் இருக்கான்."

ஓரியண்டல்ங்கிறது மூடிப்போன ஒரு லாட்ஜ். "லாட்ஜ்தான் பூட்டிக் கிடக்கே, உள்ள எவன்டா இருக்கான்? போலீஸுக்குச் சொல்லு" அப்படின்னேன்.

"அய்யோ, ஆள் இல்லைக்கா. அந்த லாட்ஜ் போர்டு எழுத்து. ஓ, ஆர், ஐ, ஈ எல்லாம் கீழ கிடக்குல்ல? அதுல டெய்லர்ங்கிற வார்த்தை முழுசா இருக்கு. எத்தனை மாசமா கண்ணு முன்னாடி கிடந்துருக்கு பாரு. உனக்குன்னே காத்துக்கிட்டு இருந்துச்சு."

அவன் சந்தோஷத்தைப் பார்த்தா எனக்கும் ஒரு நிமிஷம் சிரிப்பு வந்துடுச்சு. உடனே சுதாரிச்சுக்கிட்டேன். "டேய், நான் டெய்லர்னு ஊருக்கே தெரியும். எந்த டெய்லர்னு வேண்டாமா? பேர் போட்ட போர்டுன்னுதானே அந்தம்மா கேட்டாங்க?"

"தொழிலே பேர்தானேக்கா."

அவனோட பேசினா என் தொண்டைத் தண்ணிதான் வத்தும். அவன் கேட்காமலேயே அந்த எழுத்துகளைத் தள்ளுவண்டியில ஏத்திக்கிட்டு என் கடைக்குக் கிளம்பிட்டான். போய் ஷட்டருக்கு மேல வச்சுப் பார்த்தா, லாட்ஜ் எழுத்து ஒவ்வொண்ணும் என் இடுப்பு உயரம். நாலு எழுத்து வச்சதுமே என் கடை முடிஞ்சு போச்சு. மீதி ரெண்டும் பக்கத்துக் கடை மேல நீட்டிக்கிட்டு நிக்குது. பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் வெளிய வந்து அண்ணாந்து பார்த்தார். "என் தலைக்கு மேல உங்க எழுத்தாம்மா? வாடகை யார் தருவா?"

அளந்து பார்க்கலையாடான்னு கேட்டேன். வார்த்தை கிடைச்ச வேகத்துல மறந்துட்டானாம். இருபது வருஷமா போர்டு மாட்டுறவன் டேப்பை எடுக்க மறந்துட்டான். தலையில அடிச்சுக்கிட்டேன்.

அப்பவாவது விட்டானா? "நாலு எழுத்துதானே இடம்? அப்ப நாலு எழுத்து வார்த்தையாப் பார்க்குறேன்" அப்படின்னு நடுச்சந்துல உட்கார்ந்துட்டான். லயன். நெயில். ரெண்ட். டாயில். ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லி என் முகத்தைப் பார்க்குறான். லேட்னு ஒண்ணு வந்துச்சு. ஜெராக்ஸ்காரர் உள்ள இருந்தே, "டெய்லர் கடைக்கு அதையே வைங்கம்மா, உண்மையைச் சொன்ன மாதிரி இருக்கும்" அப்படின்னார். சந்து பூரா சிரிச்சுது. எனக்கு அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு. கையில இருந்த இஞ்ச் டேப்பைச் சுருட்டி அவன் மேல வீசிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் சொல்லிட்டேன். "நான் நாளைக்கு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போறேன். அரை மணி நேரத்துல அச்சடிச்சுக் கொடுத்துடுவான்."

அவன் சாப்பிடாம எழுந்து போயிட்டான். அவன் பொண்டாட்டிதான் என்கிட்ட வந்து மெதுவா, "அண்ணி, ஃப்ளெக்ஸ் வேண்டாம் அண்ணி. டிக்‌ஷனரியோட அக்காவே வேற எடத்துக்குப் போயிட்டாங்கன்னு மார்க்கெட்ல பேசுவாங்க" அப்படின்னா.

"அப்ப நீ சொல்லேன்மா உன் வீட்டுக்காரன்கிட்ட. ஒரே ஒரு எஸ். ஒரு எஸ் வெட்ட என்ன நோவு அவனுக்கு?"

அவ புடவை முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டே நின்னா. எனக்கும் உண்மையில ஃப்ளெக்ஸ் பிடிக்காது. ஒரு மழை, ஒரு வெயில், அதோட கிழிஞ்சு தொங்கும். என் பேரு தகட்டுல, என் தம்பி கையால இருக்கணும்னு எனக்கும் ஆசைதான். அந்த ஆசைதான் கோபமா வந்துச்சு.

புதன்கிழமை காலையில நானே ஹார்டுவேர் கடைக்குப் போய், ஸ்டீல் தகடு ஒரு துண்டு வாங்கி வந்து, அவன் பெஞ்சு மேல டமார்னு போட்டேன்.

"வெட்டு. நான் இங்கயே நிக்கிறேன்."

"அக்கா, எஸ் இல்லாம ஒரு நல்ல வார்த்தை—"

"டேய், எனக்கு வார்த்தை வேண்டாம். என் பேர் வேணும். எல்லாக் கடைக்காரனும் கடைசியில நீ கொடுத்த பேரைத்தான் வச்சிருக்கான். எனக்கு நான் கொண்டுவந்த பேர்தான் வேணும். வெட்டு."

அவன் பழைய போர்டு ஒண்ணோட போட்டோவைப் பார்த்துப் பென்சிலால எஸ் வரைய ஆரம்பிச்சான். கோடு நடுங்கி நடுங்கிப் போச்சு. அழிச்சான். மறுபடி வரைஞ்சான். அப்புறம் தகடு வெட்டுற கத்திரியை எடுத்தான். முதல் வளைவுல கத்திரி கோட்டை விட்டு வெளிய ஓடிச்சு. கத்திரியைக் கீழ வச்சிட்டு, "இந்தத் தகடு சரியில்லை" அப்படின்னான்.

எனக்கு வந்த ஆத்திரத்துல அவன் மணிக்கட்டைப் பிடிச்சு, "என்னடா விளையாடுற" அப்படின்னு இழுத்தேன். கை என் பிடிக்குள்ள நடுங்குது. நான் இறுக்கிப் பிடிச்சேன், அப்பவும் நிக்கலை. அவன் பொண்டாட்டி கதவுகிட்ட நின்னு, எங்களைப் பார்க்காம வெளிய பார்த்துக்கிட்டு இருந்தா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

அப்பத்தான் எனக்கு டீ டம்ளர் ஞாபகம் வந்துச்சு. பாதி ஊத்தினா சிந்தாது.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு நாலு வருஷம் முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுல படுத்து எந்திரிச்சதிலேருந்து. நேர்க்கோடு எப்படியோ வந்துடுதுக்கா. ட்ரில்லை ரெண்டு கையால பிடிச்சுக்குவேன். வளைவுதான் வரமாட்டேங்குது. எஸ்ஸுல வளைவைத் தவிர என்ன இருக்கு?"

"அதனாலதான் இந்த வார்த்தைப் பைத்தியமா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "எழுத்து வெட்ட முடியாத போர்டுக்காரன்கிட்ட எவன் வருவான்? டிக்‌ஷனரின்னு சிரிச்சுக்கிட்டாவது வர்றாங்கல்ல."

எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, பளார்னு ஒண்ணு வைக்கணும் போலவும் இருந்துச்சு. இதைச் சொல்லியிருந்தா டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா? ஒரே வீட்டுல மேலயும் கீழயும் இருந்துக்கிட்டு, என்கிட்ட மறைக்கிறதுக்காக மிக்ஸிக்காரரை மீனாக்கி, சாவிக்காரரை வாழைப்பழமாக்கி, மார்க்கெட்டையே கோமாளியாக்கி வச்சிருக்கான். "உன்னை என்ன பண்றதுன்னே தெரியலைடா" அப்படின்னு சொல்லிட்டு கத்திரியை நான் எடுத்தேன்.

"உனக்கு வராது. இது துணி இல்லை."

"சட்டைத் தோள்ல வளைச்சு வளைச்சு கைக்குழி வெட்டுற கைடா இது. வளைவு எனக்குப் புதுசில்லை. சாக்பீஸ் எங்க?"

பென்சிலைத் தூக்கிப் போட்டுட்டு, சாக்பீஸால ஒரே இழுப்புல எஸ் போட்டேன். மேல ஒரு கைக்குழி, கீழ தலைகீழா இன்னொரு கைக்குழி, அவ்வளவுதானே. ஆனா வெட்ட ஆரம்பிச்சதும் திணறிப் போயிட்டேன். துணியை நாம திருப்பமாட்டோம், மேஜை மேல கிடக்குறது அப்படியே கிடக்கும், கத்திரிதான் சுத்தி வரும். இங்க அப்படிச் செஞ்சா தகடு மடங்குது.

"கத்திரியைத் திருப்பாதே, தகட்டைத் திருப்பு" அப்படின்னான்.

"தெரியும்."

"தெரிஞ்சா மறுபடி ஏன் கத்திரியைத் திருப்புற?"

"நீ வாயை மூடிக்கிட்டு தகட்டைப் பிடி."

அவன் ரெண்டு கையாலயும் தகட்டை அமுக்கிப் பிடிச்சான். அமுக்கும்போது கை நிக்குது. நான் ஒரு விரக்கடை வெட்டுவேன், அவன் கொஞ்சம் திருப்புவான், நான் திட்டுவேன், அவன் எதிர்த்துப் பேசுவான். அவன் பொண்டாட்டி டீ கொண்டுவந்து வச்சா. ரெண்டு டம்ளர்லயும் பாதிதான் ஊத்தியிருந்தா. என் உள்ளங்கையில ரெண்டு இடத்துல கீறல், ரத்தம். அரம் போட்டு முடிக்கும்போது மதியம் தாண்டிடுச்சு. எஸ் ஒண்ணு வந்துச்சு. வயித்தைத் தள்ளிக்கிட்டு, ஒரு பக்கமா சாஞ்சு நின்னுச்சு. ஆனா எஸ்தான். யார் பார்த்தாலும் எஸ்ஸுன்னுதான் சொல்லுவாங்க.

மீதி எழுத்தெல்லாம் தரையிலேயே கிடைச்சுது. ஒண்ணு மருந்துக்கடை, ஒண்ணு செருப்புக்கடை, ஒண்ணு ஏதோ டிராவல்ஸ். சாயங்காலமே போய் மாட்டிட்டோம். இந்தத் தடவை முதல் வேலையா டேப்பை வச்சு அளக்கச் சொன்னேன்.

வியாழக்கிழமை மேட்ரன் அம்மா வந்தாங்க. சந்து முனையிலேயே நின்னு, அண்ணாந்து, என் பேரைப் படிச்சாங்க. வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி, முழுசா. என் முழுப் பேரை வெளி ஆள் ஒருத்தர் சொல்லி நான் கேட்டு எவ்வளவு காலம் ஆச்சு.

"நீங்கதானா அது?"

"நான்தாம்மா."

"அந்த எஸ் மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கே."

"அது நான் வெட்டினதும்மா."

"தையலும் இப்படித்தானா?" சிரிக்காம கேட்டாங்க.

தைச்சு வச்சிருந்த சட்டை ஒண்ணை எடுத்துக் கொடுத்தேன். அவங்க வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உள்பக்கம் திருப்பி, தையலை விரலால தடவிக்கிட்டே போனாங்க. கைக்குழிகிட்ட வந்ததும் ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்தாங்க. அப்புறம் பையிலேருந்து ஒரு பழைய யூனிஃபார்மை எடுத்து என் மேஜை மேல வச்சாங்க. "இதே மாதிரி ஒண்ணு தைச்சுக் கொண்டு வாங்க. சரியா இருந்தா மொத்தமும் உங்களுக்குத்தான். தேடி வரணும்னா எங்க வரணும்னு இப்பத் தெரியும்."

அவங்க போனதும் நான் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன். அவங்க வச்சிட்டுப் போன யூனிஃபார்மை மடியில எடுத்து வச்சு, உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

எதிர்ல, சந்துக்கு அந்தப் பக்கம் தம்பி நின்னுக்கிட்டு இருந்தான். பக்கத்துல மிக்ஸிக்காரர். அவர் என் போர்டைக் காட்டி ஏதோ கேட்டார். பொண்ணு பேர்லயும் எஸ் வரும், எனக்குத் தெரியும். அவன் என் பக்கம் கையைக் காட்டினான். சரிதான், யூனிஃபார்மும் நான் தைக்கணும், ஊர்ல இருக்கிற எஸ்ஸெல்லாமும் நான் வெட்டணும். நாளைக்கு அவனை டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போறதும் நான்தான்.

மிக்ஸிக்காரர் போயிட்டார். அவன் மட்டும் நின்னான். தலையை ஒரு பக்கமா சாய்ச்சு, கண்ணைச் சுருக்கி, உதட்டை அசைச்சுக்கிட்டு என் போர்டையே பார்த்தான். அந்தச் சாய்ப்பு எனக்குத் தெரியாதா? என் பேருக்குள்ள என்னென்ன வார்த்தை இருக்குன்னு தேடிக்கிட்டு இருக்கான்.

நான் வாசலுக்கு வந்து நின்னேன்.

"டேய், எழுத்தை எண்ணாதே. இது இறங்குற போர்டு இல்லை."